மேற்கு நாட்டுக்கு ஒரு ஸ்பேர் டிரைவர்

என் அக்காவுக்கு பஸ் டிப்போவில் டூட்டி போடும் வேலை. எந்த டிரைவர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று எழுதி போர்டில் ஒட்டுவது. கேட்பதற்கு எழுத்து வேலை மாதிரி இருக்கும், உண்மையில் அது வராதவர்களைத் துரத்தும் வேலை. ஐந்து மணி வண்டிக்கு ஆள் வரவில்லை என்றால் ஐந்து இரண்டுக்கு அந்த ஆளின் வீட்டில் போன் அடிக்கும். ஐந்து ஐந்துக்கு ஸ்பேர் டிரைவர் ஒருவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே வண்டியில் ஏறியிருப்பார். இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு. மாமனார் இறந்துவிட்டார் என்று லீவு கேட்டவரிடம், "உங்க மாமனார் போன ஆகஸ்ட்லயே இறந்துட்டாரே, மறுபடியுமா?" என்று நோட்டைப் புரட்டிக் காட்டியவள் அவள்.

டிப்போவில் எல்லாருக்கும் அவள் அக்காதான். அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போகிற டிரைவர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். கூடப் பிறந்த தம்பி நான் ஒருவன்தான், அதனால் எனக்கு மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது.

இப்படிப்பட்டவள் கம்ப்யூட்டரில் ராஜ்யம் ஆளும் விளையாட்டுக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது என் அத்தானின் உபயம். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை காலை, ஸ்கூட்டரை சர்வீஸுக்கு விட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பிய மனுஷன் திரும்பி வரவில்லை. ஸ்கூட்டர் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் கிடந்தது. சண்டை இல்லை, கடிதம் இல்லை, போன் அணைந்து கிடந்தது. எங்கேயாவது அடிபட்டுக் கிடக்கிறாரோ என்று நான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தேன். மூன்று மாசம் கழித்து வேறு ஊரில் யாருடைய கல்யாணப் போட்டோவிலோ பின்வரிசையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. அவரை இன்னும் 'அவர்' என்று எழுதுவது என் பழக்க தோஷம், மற்றபடி மரியாதை ஒன்றும் பாக்கி இல்லை.

அவர் போன அடுத்த திங்கள்கிழமை சாயங்காலம் வீட்டுக் கம்ப்யூட்டர் கத்த ஆரம்பித்தது. உங்கள் ஆணைக்காக ஆறு பேர் காத்திருக்கிறார்கள் என்று திரையில் எழுத்து. அத்தான் ஏதோ விளையாடுவார் என்று அக்காவுக்குத் தெரியும், என்னவென்று தெரியாது. திறந்து பார்த்தால் முகம் தெரியாத ஆறு பேர் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பாதியில் ஓடிவிட்டான், மரியாதை தெரியாதவன், இவனால் எல்லார் ஆட்டமும் கெட்டது என்று. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு விரலால் தட்டினாள்: "அவர் போய்விட்டார். நான் அவர் மனைவி. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்."

அன்றிலிருந்து விளையாடுகிறாள். அந்த ஆட்டத்தில் கடைசி இடம். ஆனால் கடைசி நகரம் போகும்வரை இருந்து, எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள்.

விளையாட்டு இதுதான். ஏழு பேர், ஏழு நாடு, படத்தில் நாற்பது நகரம். வாரத்தில் திங்களும் வியாழனும் மாலை ஆறு மணிக்குள் அவரவர் படைக்கு ஆணை எழுதிப் போட வேண்டும். ஆறு மணிக்கு எல்லார் ஆணையும் ஒரே நேரத்தில் நடக்கும். இருபத்தொரு நகரம் யாருக்குச் சேர்கிறதோ அவருக்கு வெற்றி. இடையில் ஏழு பேரும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதி, கூட்டுச் சேர்ந்து, காலை வாரிவிட்டுக்கொள்ளலாம். ஓர் ஆட்டம் ஒரு வருஷம்கூட இழுக்கும். யாராவது இரண்டு தடவை தொடர்ந்து ஆணை போடாவிட்டால் அந்த நாடு சாம்பல் நிறமாகிவிடும். படை நின்ற இடத்தில் மரம் மாதிரி நிற்கும், பக்கத்தில் இருப்பவன் நடந்து போய் அள்ளிக்கொள்ளலாம். அத்துடன் ஆட்டம் நாறிவிடும், ஏனென்றால் திறமையால் ஜெயித்தவன் யார், ஓடிப்போனவன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்ததால் ஜெயித்தவன் யார் என்று சொல்ல முடியாது.

இதற்காகத்தான் அக்கா சட்டம் போட்டாள். எங்கள் குழுவில் அதற்கு அக்கா சட்டம் என்றே பெயர். போக வேண்டும் என்றால் போகலாம், ஆனால் சொல்லிவிட்டுப் போ. உன் இடத்துக்கு ஆள் கொடுத்துவிட்டுப் போ. கொடுக்க முடியவில்லை என்றால் நாங்கள் தேடுகிறோம், அதுவரை ஒரு வாரம் அந்த நாட்டுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. கோபத்தில் படையைக் கலைக்காதே, சிநேகிதனுக்கு நாட்டைத் தூக்கிக் கொடுக்காதே. வருகிறவருக்கு யாரோடு ஒப்பந்தம், யாரிடம் என்ன பொய் சொல்லி வைத்திருக்கிறாய் என்று எழுதி வை. இவ்வளவுதான். தோற்கும்போது மட்டும் இன்டர்நெட் அறுந்துபோகிற வியாதி உள்ளவர்களின் பட்டியலும் அவளிடம் உண்டு. அதில் மூன்றாவது பெயர் என்னுடையது. அன்று எங்கள் தெருவில் நிஜமாகவே கேபிள் வேலை நடந்தது என்று நான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் இன்றுவரை நம்பவில்லை, நம்பாமல் இருப்பதும் நியாயம்தான்.

எட்டு வருஷத்தில் பதினோரு ஆட்டம் ஆடினாள். ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிற ராணிக்கு அந்த விளையாட்டில் என்ன வேலை? பன்னிரண்டாவது ஆட்டம் தொடங்கியபோது என்னிடம் சொன்னாள்.

"ஒரே ஒரு தடவை ஜெயிக்கணும்டா. ஜெயிச்சுட்டு, எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, முறையா நிறுத்திடுவேன். தோத்துட்டு நிறுத்தினா ஓடிப்போன மாதிரி இருக்கும்."

அவள் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அதனால் எனக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. பன்னிரண்டாவது ஆட்டத்தில் நானும் ஒரு நாட்டுக்கு ராஜா, ஆனால் மனசு முழுக்க அவள் பக்கம்தான்.

பத்தாவது மாசத்தில் அவள் கையில் பதினேழு நகரம். அவளுக்கு மேற்கே ஒருவன் இருந்தான், விளையாட்டில் அவன் பெயர் கொசுவத்தி. அவனிடம் ஆறு நகரம். அதில் ஒன்றை நான் நைசாகப் பேசிப் பிடுங்கினேன், நட்பு என்று சொல்லிப் பின்வாசல் வழியாகப் புகுந்தேன். விளையாட்டில் அது தப்பே இல்லை. கொசுவத்தி அன்றோடு அணைந்துபோனான். திங்கள் ஆணை இல்லை, வியாழன் ஆணை இல்லை, மேற்கு நாடு சாம்பல் நிறம்.

அக்கா அவனுக்குக் கடிதம் எழுதினாள். "உடம்பு சரியில்லை என்றால் ஒரு வரி போடுங்கள். இறந்துவிட்டீர்கள் என்றால் வீட்டில் யாரையாவது போடச் சொல்லுங்கள்." பதில் இல்லை. ஆனால் அதே தளத்தில் வேறொரு ஆட்டத்தில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு ஜோராக எரிந்துகொண்டிருந்தது. உயிரோடுதான் இருக்கிறான், வேறு இடத்தில் கடை விரித்திருக்கிறான்.

மேற்கு நாட்டில் மிச்சம் ஐந்து நகரம். நான்கு அக்காவின் எல்லையை ஒட்டிக் கிடந்தன. பதினேழும் நான்கும் இருபத்தொன்று. கூட்டிப் பார்க்க எனக்கே ஒரு விநாடிதான் ஆனது.

எங்கள் ஆட்டத்தில் ஒரு பல் டாக்டர் இருந்தார். அவரே எழுதினார்: "எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா, நாங்கள் யாரும் தப்பாக நினைக்க மாட்டோம்." நானும் நேரில் போய்ச் சொன்னேன்.

"அதான் எல்லாரும் சரின்னு சொல்றாங்கல்ல, எடுத்துக்கோயேன்."

"ஒரு வாரம் ஆகட்டும். ஆள் தேடுறேன்."

"உன் சட்டம்தானே, நீயே தளர்த்திக்கோ."

"என் சட்டம்னாலதான் தளர்த்த முடியாது," என்று சொல்லிவிட்டு டூட்டி நோட்டைப் பிரித்துக்கொண்டாள்.

ஆள் தேடினாள். பாதி படை, ஐந்து நகரம், நாலு பக்கமும் விரோதி என்றால் யார் வருவார்கள்? கேட்டவர்கள் எல்லாரும் வேலை இருக்கிறது என்றார்கள். புதன்கிழமை மதியம்வரை ஒருவரும் கிடைக்கவில்லை. மறுநாள் ஆறு மணியோடு வாரம் முடிகிறது, அதற்கப்புறம் யாரும் எடுக்கலாம். அதைக் கொண்டாடுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நான் டிப்போவுக்குப் போனேன். வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவன் நான், ஊர் சுற்ற எனக்குக் காரணம் வேண்டியதில்லை.

அங்கே டூட்டி போர்டு முன்னால் மேனேஜர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அக்கா, இங்க மேற்கு நாடுன்னு ஒண்ணு போட்டிருக்கே. திங்கள், வியாழன், ஆறு மணி. இது எந்த ரூட்டு?"

அக்கா எட்டிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். காலியிடம் கண்ணில் பட்டதும் கை தானாக நேரத்தையும் ஆளையும் போர்டில் எழுதிவிட்டிருக்கிறது.

"என் சொந்த விஷயம் சார். ஞாபகப் பிசகா எழுதிட்டேன்."

"டீசல் போகுதா?"

"போகாது சார்."

"அப்ப சரி," என்று மேனேஜர் நகர்ந்தார்.

அதற்குள் ஸ்பேர் டிரைவர் ஒருவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். முப்பத்தைந்து வயசு இருக்கும், ஒல்லி. ஒன்பது வருஷமாக அவனுக்குச் சொந்த ரூட் கிடையாது. காலையில் ஓய்வறைக்கு வந்து பழைய பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், யாராவது வராமல் போனால்தான் அவனுக்கு அன்றைக்கு வேலை. அவனை எல்லாரும் ஸ்பேர் என்றே கூப்பிட்டார்கள்.

"எனக்குத்தான் போட்டிருக்கீங்க. எந்த வண்டிங்க அக்கா? ஷெட்டு முழுக்கத் தேடிட்டேன்."

"வண்டி இல்ல ஸ்பேரு. நாடு."

அவன் பையை இறக்கிவைத்தான். நாடு என்றால் நாடு, அக்கா போட்டால் எடுக்க வேண்டியதுதான். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. விளையாட்டே தெரியாதவன், இரண்டே வாரத்தில் காலியாகிவிடுவான், அப்புறம் அக்கா மனசாட்சிக்குக் குறைவில்லாமல் ஜெயிக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

என் கணக்கு என்றைக்குச் சரியாக வந்திருக்கிறது?

ஸ்பேர் முதல் வாரம் ஒரு படையைக்கூட நகர்த்தவில்லை. பத்து மாசக் கடிதங்களை எல்லாம் ஓய்வறை பெஞ்சில் உட்கார்ந்து போனில் படித்தான். என்னய்யா பண்ணுகிறாய் என்று கேட்டேன்.

"அடுத்தவன் விட்டுட்டுப் போன வண்டியில ஏறினதும் கிளப்பக் கூடாதுங்க. முதல்ல பிரேக்கு, அப்புறம் கண்ணாடி. அப்புறம் சீட்டுக்கு அடியில என்ன வெச்சுட்டுப் போயிருக்கான்னு பாக்கணும்."

சீட்டுக்கு அடியில் ஒரு கடிதம் இருந்தது. எட்டு மாசத்துக்கு முன்னால் பல் டாக்டர் கொசுவத்திக்கு நட்புக் கேட்டு எழுதியது. கொசுவத்தி பதில் போடவே இல்லை. ஸ்பேர் போட்டான்: "தங்கள் கடிதம் கிடைத்தது. எட்டு மாதத் தாமதத்துக்கு வருந்துகிறேன். நட்புக்குச் சம்மதம்." பல் டாக்டர் உருகிவிட்டார். வாழ்க்கையில் தனக்கு இப்படி ஒரு பதில் வந்ததில்லை என்றார். அன்றிலிருந்து இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார்கள். முதலில் என் நாட்டைத் தின்றார்கள், மூன்றே வாரத்தில். நான் கடைசி நகரம்வரை இருந்து எல்லாருக்கும் நன்றி சொன்னேன். அக்கா தன் பட்டியலில் என் பெயரை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன், அடிக்கவில்லை.

அப்புறம் அக்காவின் பக்கம் திரும்பினார்கள். பதினேழு பதினாலாகி, பதினொன்றாகி, ஒன்பதில் வந்து நின்றது. ஸ்பேரிடம் இருபது. இன்னும் ஒன்று வேண்டும், அவன் படை போய்ச் சேரக்கூடியது ஒரே ஒரு நகரம்தான், அக்காவின் தலைநகரம்.

ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேடி டீக்கடைக்கு வந்தான். டீயை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தான்.

"அண்ணே, அக்கா ஊர்ல கை வைக்க எனக்கு மனசு வரல. அவங்க ஒரு தடவை ஜெயிக்கணும்னு ஆசைப்பட்டதா டிப்போவுல எல்லாரும் பேசிக்கிறாங்க. எனக்கு இது என்ன, இன்னொரு டூட்டி. வயித்து வலின்னு சொல்லிட்டு ரெண்டு தடவை போடாம விட்டுடறேன். நாடு காலியாயிடும், அவங்க எடுத்துக்கட்டும். நீங்க மட்டும் சொல்லிடாதீங்க."

நான் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். டீ சிந்தியது. உலகத்தில் நல்லவர்களும் இருக்கிறார்கள் என்று நிஜமாகவே நினைத்தேன்.

திங்கள் ஆறு மணிக்கு மேற்கு நாட்டிலிருந்து ஆணை வரவில்லை. அக்கா தன் படைகளை நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லியிருந்தாள். ஒரு அடி முன்னால் வைக்கவில்லை. செவ்வாய் மதியம் போன் போட்டு என்னை டிப்போவுக்கு வரச் சொன்னாள். ஓய்வறையில் ஸ்பேர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மற்ற டிரைவர்களை வெளியே அனுப்பியிருந்தாள்.

"வயித்து வலின்னு சொல்றான். நேத்து மத்தியானம் கேன்டீன்ல ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டிருக்கான், நான் விசாரிச்சுட்டேன். உன் மூஞ்சியும் நேத்துல இருந்து சரியில்ல. யாரோட யோசனைடா இது?"

"என்னோடதுதாங்க," என்றான் ஸ்பேர். "அண்ணன் மேல தப்பு இல்ல."

"எதுக்குப் போற? தோக்குறியா?"

"இல்லைங்க. உங்களுக்காகத்தான். பாவம், நீங்க..."

அந்த வார்த்தையில்தான் அவளுக்கு ஏறியது. அவள் கத்தி நான் கேட்டதில்லை, அன்றும் கத்தவில்லை.

"என் வீட்டுக்காரரும் அப்படித்தான் நினைச்சிருப்பாரு. முகத்துக்கு நேரா சொன்னா இவ அழுவா, பாவம்னு. பாவம் பாத்துச் சொல்லாமயே போயிட்டாரு. எட்டு வருஷமா நான் என்ன தப்பு பண்ணேன்னு நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கிட்டு இருக்கேன். சாம்பார்ல உப்பு அதிகமாப் போட்டதுல இருந்து யோசிச்சுட்டேன். எனக்கு யாரும் பாவம் பாக்க வேணாம். அடிக்கணும்னா இருந்து அடிச்சுட்டுப் போ."

நான் சுவரைப் பார்த்தேன். அத்தான் போனபோது அவள் ஒரு தடவைதான் அழுதாள், அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. மறந்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைவிட மடையன் ஒருவன் இருக்க முடியாது. அவள் தினமும் கணக்கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வியாழக்கிழமை ஸ்பேருக்கு நான்கு மணியோடு முடிகிற டூட்டியாகப் போட்டாள். ஐந்தரைக்குத் தன் மேஜைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். அவன் போனில் எழுதினான், இவள் கம்ப்யூட்டரில் எழுதினாள், நடுவில் டூட்டி நோட்டை நிறுத்தி மறைத்துக்கொண்டாள், பார்த்து எழுதிவிடுவானாம். விட்டுக்கொடுக்கவும் இல்லை. இருந்த படையை எல்லாம் தலைநகரத்தின் காவலுக்கு நிறுத்தினாள். உதடு மட்டும் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது. அவள் ஜெயித்துவிட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். ஒரு தடவை, இந்த ஒரு தடவை.

ஆறு அடித்தது. திரை ஒருமுறை வெளுத்து, புதுப் படம் வந்தது. தலைநகரம் மேற்கு நாட்டின் பச்சை நிறத்தில் இருந்தது. இருபத்தொன்று. ஸ்பேர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

அக்கா படத்தில் தெற்கு வாசலை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தெற்கு வாசல்ல நான் ஆளே வைக்கல. நீ ஏன் வடக்குல வந்த?"

"சொல்லணுங்களா?"

"சொல்லு."

அவன் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான். தெற்கில் ஆள் இல்லாதது பொறி மாதிரி தெரிந்தது என்றான். மார்ச் மாசம் அவள் ஒரு படையைத் தேவையில்லாமல் திருப்பி அழைத்ததைச் சொன்னான், பல் டாக்டரை அவள் நம்பியதைச் சொன்னான். மூன்று இடத்தில் அவள் சரியாகத்தான் ஆடினாள், அதில் அவள் தப்பு எதுவும் இல்லை என்றும் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்குக் கூச்சம் போய்விட்டது. விரலால் மேஜையில் கோடு போட்டுக் காட்டினான். அவன் நிறுத்தியபோதெல்லாம், "அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே இரண்டு டிரைவர்கள் கையெழுத்துப் போட வந்து நின்றார்கள். கையைக் காட்டி இருக்கச் சொன்னாள்.